‘போன தடவை ஒண்ணும் ஆகலையே!’ - பழைய புயல்கள் நம் பயத்தை எப்படித் தீர்மானிக்கின்றன?

2020 டிசம்பர் முதல் வாரம். திரிகோணமலை அருகே இலங்கையைக் கடந்த ‘புரெவி’ புயல் மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று கணிக்கப்பட்டது. டிசம்பர் 4-ம் தேதி தூத்துக்குடி உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை. மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. டிவி சேனல்களில் நாள் முழுக்க அதே செய்தி. கடைசியில் புயல் ராமநாதபுரம் கடற்கரை அருகே வலுவிழந்து, நகராமல் நின்று, அப்படியே கரைந்துபோனது.

மூன்று வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை புயல் இல்லை, அதற்குப் பெயரும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம்.

பெயர் வைத்து, லீவு விட்டுக் காத்திருந்தது வரவில்லை. பெயரே இல்லாதது வந்து ஊர் ஊராக மூழ்கடித்தது. அடுத்த முறை மொபைலில் ‘ரெட் அலர்ட்’ என்று மெசேஜ் வந்தால், இந்தக் கடற்கரையில் இருப்பவர் எதை நினைத்து முடிவெடுப்பார்? 2020-ஐயா, 2023-ஐயா?

ரிஸ்க் என்பதை நாம் எண்களால் எடைபோடுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பெரும்பாலும் நினைவுகளால்தான் எடைபோடுகிறோம். அந்த நினைவு எப்போது காப்பாற்றும், எப்போது ஏமாற்றும்? முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இதற்கான பதில்கள் நிறையவே இருக்கின்றன.

ஒரே ஊர், வேறு வேறு அனுபவம்

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழவைப்பார். பக்கத்து ஊர் சிப்பிகுளம். கடலை நம்பி வாழும் ஊர்கள். வைப்பாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணல் ஆறு. எதிரே கடலில் காரியாச்சல்லி போன்ற சின்னச் சின்னத் தீவுகள். அதற்கும் அப்பால், வளைகுடாவின் மறுபக்கம், இலங்கை.

இப்படியொரு ஊரில் ‘அனுபவம்’ என்று சொன்னால் அது யாருடைய அனுபவம் என்று கேட்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 1964 தெரியும். அந்த டிசம்பர் 22 நள்ளிரவில் கடல் பொங்கி தனுஷ்கோடியையே எடுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வந்த ரயில் அலையில் போனது. ஐம்பதை நெருங்குபவர்களுக்கு 1992 நவம்பர் ஞாபகம் இருக்கும். தூத்துக்குடி அருகே கரையைக் கடந்த புயலும், அதையொட்டித் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளமும் நெல்லைச் சீமையில் இன்றும் பேசப்படுபவை. முப்பதைத் தொடுபவர்களுக்கு 2004 சுனாமி. இருபது வயதுக்காரர்களுக்கு வராமல் போன புரெவியும், சொல்லாமல் வந்த மழையும்.

கரையில் நின்று பார்க்கும்போது எல்லோருக்கும் தெரிவது ஒரே கடல்தான். ஆனால் ‘ஆபத்து’ என்றதும் ஒவ்வொரு தலைமுறையின் மனதிலும் வருவது வேறு வேறு படம்.

மூளை போடும் ஷார்ட்கட் கணக்கு

இதை உளவியலாளர்கள் டேனியல் கானெமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1973-லேயே விளக்கினார்கள். ஒரு விஷயம் எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று கேட்டால், நாம் கணக்குப் போடுவதில்லை. அது எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறது என்று பார்க்கிறோம். சட்டென்று நினைவுக்கு வந்தால் ‘அடிக்கடி நடக்கும்’ என்றும், வராவிட்டால் ‘அதெல்லாம் நடக்காது’ என்றும் முடிவு கட்டுகிறோம். (இந்த மாதிரி ஆய்வுகளுக்காகத்தான் கானெமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.)

பெரும்பாலான நேரம் இந்த ஷார்ட்கட் நமக்கு உதவும். மாட்டிக்கொள்வது எப்போது என்றால், நினைவில் பளிச்சென்று நிற்பதும் உண்மையில் அதிகம் கொல்வதும் வேறு வேறாக இருக்கும்போது.

பிரபலமான உதாரணம் அமெரிக்கா. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, விமானத்தில் ஏறப் பயந்து பலர் காரை எடுத்தார்கள். ஆனால் அதே தூரத்தைக் காரில் கடப்பதுதான் அதிக ஆபத்து. அடுத்த ஒரு வருஷத்தில், இந்த மாற்றத்தால் மட்டும் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலை விபத்தில் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். அவர்களின் பயம் நிஜம்தான். அந்தப் பயம் அவர்களை இன்னும் மோசமான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

சுறாவுக்குப் பயம், காற்றுக்குழாய்க்கு?

அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதே இல்லை. முத்துக்குளித்துறையின் சொந்தக் கதையிலேயே இதே கணக்கு இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் அதிகம் பயந்தது சுறாவுக்கு. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, ஆபத்தான மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடுபவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். இன்றைய மொழியில் சொன்னால், 5 சதவீதப் பிரீமியம். ‘கடல்கட்டி’ என்று அழைக்கப்பட்ட இவர்களை 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசும் விடாமல் வைத்திருந்தது. மந்திரத்தில் அதிகாரிகளுக்கு நம்பிக்கை இருந்ததா என்பது வேறு விஷயம். கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் யாரும் குளிக்க இறங்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் முத்துக்குளிப்பின்போது சுறா தாக்கிய சம்பவங்கள் அரிது என்றுதான் அந்தக் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன.

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. சங்கு குளிப்பது இன்றும் தொடர்கிறது. மூச்சடக்கிக் குளித்த காலம் போய், படகில் ஏர் கம்ப்ரஸரை வைத்து, நீளமான குழாய் வழியே காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். இதனால் கடலடியில் தங்கும் நேரம் கூடிவிட்டது. ஆபத்தும் மாறிவிட்டது.

ஆழத்தில், அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். ஆழமும் நேரமும் கூடக்கூட இதுவும் கூடும். படிப்படியாக மேலே வராமல் சட்டென்று ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி உடம்புக்குள் குமிழ்கள் உருவாகும். மூட்டுவலியில் ஆரம்பித்து, பக்கவாதம், மரணம் வரை போகலாம்.

சுறா கண்ணுக்குத் தெரியும், ரத்தம் தெரியும், ஊரே பேசும். நைட்ரஜனுக்கு உருவம் கிடையாது. வலி பெரும்பாலும் மேலே வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். நேற்று அப்படித்தான் ஏறி வந்தோம், ஒன்றும் ஆகவில்லை. முந்தாநாளும் ஆகவில்லை. நூறு தடவை ஒன்றும் ஆகாமல் இருந்ததே ‘இது சேஃப்தான்’ என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

பக்கத்துக் கடைக்குத்தானே என்று ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுக்கும்போது நாமும் இதே சாட்சியைத்தான் கூப்பிடுகிறோம்.

தப்பித்ததில் இருந்து என்ன கற்றுக்கொண்டோம்?

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். தூத்துக்குடி மாவட்டத்தில் உயிரிழப்பு ஒற்றை இலக்கத்தோடு நின்றது. முக்கியக் காரணம் இலங்கை. சுமத்ராவிலிருந்து வந்த அலையின் முழு வேகத்தையும் அந்தத் தீவு தன் கிழக்குக் கரையில் வாங்கிக்கொண்டது. அதன் நிழலில் இருந்த மன்னார் வளைகுடா பெரிய அளவில் தப்பியது.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. தப்பித்ததை எப்படிப் புரிந்துகொள்வது?

அமெரிக்க ஆய்வாளர்கள் ராபின் டில்லன், கேத்தரின் டின்ஸ்லி இருவரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நூலிழையில் தப்பிய சம்பவங்களை மக்கள் இரண்டு விதமாக நினைவில் வைக்கிறார்கள். ‘நமக்கு ஒண்ணும் ஆகலை’ என்று நினைப்பவர்கள் அடுத்த எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘கொஞ்சம் விட்டிருந்தா போயிருப்போம்’ என்று நினைப்பவர்கள் தயாராகிறார்கள். இரண்டு பேருக்கும் நடந்தது ஒரே சம்பவம். அவர்கள் மனதில் பதிந்தது வேறு.

சுனாமியை ‘நம்ம கடலுக்கு வராது, இலங்கை தடுத்துடும்’ என்று நினைவில் வைத்தால், அதே நாளில் கன்னியாகுமரியில் நடந்தது விடுபட்டுப் போகும். கன்னியாகுமரிக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் கிட்டத்தட்ட அதே இலங்கைதான் இருக்கிறது. ஆனால் அலைகள் தீவின் தெற்கு முனையைச் சுற்றி வளைந்து வந்தன. குளச்சல், மணக்குடி உள்ளிட்ட ஊர்களைத் தாக்கின. அந்த மாவட்டத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 800 பேர். கரையின் வளைவும் கடலடியின் ஆழமும் அலை வந்த கோணமும் அன்று ஒருவருக்குச் சாதகமாகவும் இன்னொருவருக்குப் பாதகமாகவும் அமைந்தன. அன்றைய அமைப்பு எல்லா நாளைக்கும் உத்தரவாதம் ஆகாது.

புரெவிக்கும் இது பொருந்தும். ‘சொன்னாங்க, வரலை’ என்பது பாதி உண்மைதான். மன்னார் வளைகுடாவில் அது நின்றுவிட்டதால் நம் கரைக்குக் காற்று வரவில்லை. ஆனால் அதே அமைப்பால் சிதம்பரம், கடலூர் பக்கம் மழை கொட்டித் தீர்த்தது, வயல்கள் மூழ்கின. ‘நம்ம ஊருக்கு வராதது’ எல்லாம் ‘நடக்காதது’ ஆகிவிடுகிறது. நம் நினைவுக்கு அவ்வளவுதான் எல்லை.

‘போன வெள்ளத்தில் எவ்வளவு வந்துச்சு?’

சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு வீடு வாங்கப் போன பலரும் தரகரிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் புவியியலாளர் ராபர்ட் கேட்ஸ், வெள்ளம் வரும் பகுதியில் வசிப்பவர்களிடம் பேசி ஆராய்ந்தார். மக்கள் தாங்கள் பார்த்த வெள்ளத்தையே எதிர்காலத்தின் எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. முழங்கால் அளவு பார்த்தவர் முழங்கால் அளவுக்குத் தயாராவார். இடுப்பளவு வரும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. நம்ப முடியாத விஷயம்.

2023-ல் தூத்துக்குடியில் நடந்ததை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். வானிலை ஆய்வு மையத்தின் அளவுகோலில் ஒரே நாளில் சுமார் 20 செ.மீ-ஐத் தாண்டினால் ‘அதி கனமழை’. அதுதான் இருப்பதிலேயே பெரிய பிரிவு. 21 செ.மீ பெய்தாலும் அதி கனமழை, 95 செ.மீ பெய்தாலும் அதி கனமழை. அந்தச் சொல்லைக் கேட்கும் ஒருவர் தான் பார்த்த பெரிய மழையைத்தான் கற்பனை செய்ய முடியும். அன்று பெய்தது அதைப்போல் பல மடங்கு. திருச்செந்தூரில் 69 செ.மீ, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் - சென்னை எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கியது. குளக்கரைகள் உடைந்தன. தென் மாவட்டங்களில் 30-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். எச்சரிக்கை எப்போது வந்தது, எவ்வளவு தெளிவாக வந்தது என்பது மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே பெரிய விவாதமாக மாறியது.

இதற்கு முன்பு இப்படி ஒரு வெள்ளம் என்றால் 1992. நடுவில் 31 வருஷம். அதாவது, 2023-ல் முப்பது வயதுக்குக் கீழ் இருந்த யாருக்கும் தாமிரபரணியின் அந்த முகம் தெரியாது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ‘மிக்ஜாம்’ புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. அன்றைக்கு வெள்ளம் என்றால் எல்லோர் மனதிலும் இருந்தது சென்னைதான்.

நினைவு எவ்வளவு சீக்கிரம் மங்கும்? 30 வருஷமெல்லாம் தேவைப்படுவதில்லை. அமெரிக்காவில் வெள்ளக் காப்பீடு எடுத்தவர்கள் அதை எத்தனை வருஷம் வைத்திருக்கிறார்கள் என்று பொருளாதார வல்லுநர் ஹோவர்ட் குன்ரூதரும் சக ஆய்வாளர்களும் பார்த்தார்கள். பொதுவாக 2 முதல் 4 வருஷம். வெள்ளம் வந்ததும் பாலிசி எடுக்கிறார்கள். சில வருஷம் ஒன்றும் நடக்காவிட்டால் ‘பணம் வேஸ்ட்’ என்று விட்டுவிடுகிறார்கள். வெள்ளம் வராத வருஷத்தை லாபம் என்று பார்க்காமல், கட்டிய பிரீமியத்தை நஷ்டம் என்று பார்ப்பதுதான் மனித இயல்பு.

எச்சரிக்கையைக் கேட்காதது அறியாமையா?

‘எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டாங்க’ என்று கடற்கரை மக்களைப் பற்றி உள்நாட்டில் இருப்பவர்கள் சொல்வது உண்டு. அது அவசரமான தீர்ப்பு.

ஒரு எச்சரிக்கை வரும்போது ஐடி ஊழியருக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். நாட்டுப்படகுக்காரருக்கு அன்றைக்குத் தொழில் இல்லை, வருமானம் இல்லை. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏற்கனவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு தாழ்வுப் பகுதிக்கும் ‘கடலுக்குப் போக வேண்டாம்’. பத்து தடவை போகாமல் இருந்து, அதில் எட்டு தடவை கடல் அமைதியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். எட்டு நாள் கூலியை வீணாக இழந்தவர் அடுத்த தடவை யோசிப்பதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ சொல்ல முடியாது. தவறான எச்சரிக்கையின் விலை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அந்த விலையை யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் சந்தேகமும் முதலில் வரும்.

இன்னொரு பக்கம், எச்சரிக்கையே போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 ஒக்கி காட்டியது. நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது, அடுத்த நாள் காலையிலேயே புயல். கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். செல்போன் சிக்னல் எட்டாத தூரம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கரைக்கு வெகு தூரத்திலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையை வாங்கும் ‘ஜெமினி’ கருவியை மத்திய அரசு 2019 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. 2004-க்குப் பிறகு, 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. அமைப்புகளும் மனிதர்களைப் போலத்தான். அடிபட்ட பிறகே கற்றுக்கொள்கின்றன. அதுவும் பெரும்பாலும் கடைசியாக வாங்கிய அடியிலிருந்து.

கடல்கோளும் ஸ்மோங்கும்

நினைவு மங்கும், நினைவு ஏமாற்றும் என்றால், அதை நம்பவே கூடாதா? இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு வேறு பதில் சொல்கிறது.

1907-ல் அந்தத் தீவைச் சுனாமி தாக்கியது. உயிர் பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்தார்கள். கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடும், கடல் பின்வாங்கும், உடனே மேட்டுக்கு ஓடு. இவ்வளவுதான் விஷயம். 97 வருஷம் கழித்து 2004-ல், நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். சைரன் எதுவும் இல்லை. அலை வர பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்தோனேசியா முழுக்க 1.6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பலியான பேரழிவில் நடந்தது இது.

ஜப்பானின் அனெயோஷி என்ற சிற்றூரில், 1933 சுனாமிக்குப் பிறகு ஒரு கல்லை நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதே என்பதுதான் அதில் உள்ள செய்தி. ஊர் அதைக் கேட்டது. 2011 சுனாமி அந்தக் கல்லுக்குச் சுமார் 100 மீட்டர் கீழேயே நின்றது.

தமிழுக்கு இந்தச் சொல் புதிதா என்ன? ‘கடல்கோள்’ என்ற சொல் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. பூம்புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் குறைவு. இருந்தும் 2004 காலையில் கடல் உள்வாங்கியபோது, பல இடங்களில் மக்கள் வேடிக்கை பார்க்கக் கரைக்கு இறங்கினார்கள்.

வித்தியாசம் எங்கே? ‘கடல்கோள்’ நடந்ததைச் சொல்கிறது. ‘ஸ்மோங்’ என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. முதலாவது வரலாறாக, பெருமையாக, சோகமாக நின்றுவிட்டது. இரண்டாவது கால்களுக்கு எட்டியது. ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் கடலில் பால் ஊற்றி, மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறோம். அது இழந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை. அதோடு சேர்த்து, நம் ஊரில் மேடு எது, எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று அதே நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து காட்டினால், நினைவுநாள் ஒத்திகையாகவும் ஆகும்.

நேற்று காப்பாற்றியது நாளையும் இருக்குமா?

அனுபவத்தை நம்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘போன தடவை வரலை’ என்று சொல்லும்போது, போன தடவை இருந்த கடற்கரை அப்படியே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அலையின் வேகத்தை முதலில் வாங்குவது இவையும் இவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும்தான். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் விளைவு, விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் ஏற்கனவே கடலுக்குள் போய்விட்டன. கீழவைப்பாருக்கு எதிரே இருக்கும் காரியாச்சல்லி 1969-ல் சுமார் 20 ஹெக்டேர். அதன் பெரும்பகுதி இப்போது கரைந்துவிட்டது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைக் காப்பாற்ற, 2015-க்குப் பிறகு செயற்கைப் பாறை அமைப்புகளைக் கடலில் இறக்க வேண்டியிருந்தது.

ஆறுதலான விஷயமும் உண்டு. 2001-ல் பவளப்பாறைகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சபட்சப் பாதுகாப்பு கிடைத்தது. சட்டத்தோடு சுனாமியின் நினைவும் சேர்ந்துகொண்டது. தீவும் பாறையும்தான் தங்களைக் காத்தன என்ற எண்ணம் கரையோர மக்களிடம் பரவியது. பாறை வெட்டுவது ஏறக்குறைய நின்றுபோனது. ‘ஒண்ணும் ஆகலை’ என்பதோடு நிற்காமல் ‘ஏன் ஆகலை?’ என்று கேட்டதால் வந்த மாற்றம் இது.

அப்போ, அடுத்த அலர்ட் வரும்போது?

கடந்த காலத்தைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதனிடம் கேட்கும் கேள்விகளை மாற்றினால் போதும்.

1. ஏன் வரலை? 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 ரிக்டர் அளவில் நிலநடுக்கம். தமிழகக் கடற்கரைக்குச் சுனாமி எச்சரிக்கை வந்தது, மக்கள் வெளியேறினார்கள், சில மணி நேரத்தில் எச்சரிக்கை வாபஸ். ‘சும்மா பயமுறுத்திட்டாங்க’ என்று சொல்லலாம். ஆனால் அன்று கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. 2004-ல் நடந்தது போல் மேலே எழும்பியிருந்தால் கதை வேறு. காரணம் தெரிந்தால், அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யத் தோன்றாது.

2. நான் பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால்? வீடு வாங்கும்போதும் சரி, படகைக் கட்டும்போதும் சரி, ‘போன தடவை எவ்வளவு?’ என்பதோடு நிறுத்த வேண்டாம். வயதில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்களுடைய 1964-ம் 1992-ம் உங்கள் அனுபவக் கணக்கில் சேரட்டும். கூடவே, காயல்பட்டினத்தின் 95 செ.மீ அவர்களும் பார்க்காதது என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. தவறாகிப் போனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்? எச்சரிக்கையை நம்பி ஒரு நாள் சும்மா இருந்தால் போவது ஒரு நாள் கூலி. நம்பாமல் போய், அது உண்மையாகிவிட்டால் போவது உயிர். ஆனால் அந்த ஒரு நாள் கூலியை எப்போதும் மீனவரே தாங்க வேண்டும் என்றால், இந்தக் கணக்கை அவருக்குப் புத்திமதியாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. எச்சரிக்கையால் தொழில் இழக்கும் நாளுக்கு ஈடு கிடைத்தால், நம்பிக்கையும் கூடவே வரும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் வந்துவிடும். தாழ்வுப் பகுதிகள் உருவாகும். சில புயலாகும், சில கரையும், சில பெயரே இல்லாமல் கொட்டித் தீர்க்கும். அலர்ட் மெசேஜ் வரும்போது ‘போன தடவை ஒண்ணும் ஆகலையே’ என்று மனசு சொல்லும். அது சொல்லட்டும். பதிலுக்கு ‘ஏன் ஆகலை?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.